தூண் அழகாகத்தான் இருக்கிறது, பூனைதான் சோபாவை விடமாட்டேன் என்கிறது

புகார் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஹாலின் நிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி பார்த்துப் பார்த்து ஒரு பிறாண்டும் தூண் (பூனை நகத்தால் பிறாண்டுவதற்கென்றே கயிறு சுற்றிச் செய்த தூண்) வரவழைத்தாகிவிட்டது. பூனை அதை முகர்ந்து பார்த்துவிட்டு நேராகப் போய் சோபாவின் கைப்பிடியைப் பிறாண்டுகிறது. கொஞ்ச நாளில் தூணின் உச்சியில் யாரோ சாவிக்கொத்தை மாட்டிவிடுகிறார்கள்.

பூனைக்குத் திமிர் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் தூணைச் சந்தேகப்படுங்கள். அழகான தூண் என்று விற்கப்படுபவற்றில் பல, வாங்குகிறவரின் கண்ணை மட்டும் மனதில் வைத்துச் செய்தவை. படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும், சின்னப் பெட்டிக்குள் அடங்க வேண்டும், கூரியர் செலவு குறைய வேண்டும். இதற்காக முதலில் வெட்டப்படுவது உயரமும் எடையும். பூனைக்கு முக்கியமாக வேண்டியதும் அதே இரண்டுதான். ஆகவே நகம் படும் இடத்தைப் பூனையிடம் விட்டுவிடுங்கள். உங்கள் ரசனையைக் காட்ட அடித்தட்டும், மேல்மூடியும், மரத்தின் நிறமும் இருக்கின்றன.

கீழே உள்ளவற்றில் உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். அதற்கு முன் ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு.

முதலில் சோபாவை அளந்து பாருங்கள்

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு பூனை ஏற்கெனவே பிறாண்டிய இடத்துக்குப் போங்கள். தரையிலிருந்து மேலே உள்ள கடைசிக் கீறல் எத்தனை சென்டிமீட்டர்? கீறல்கள் மேலிருந்து கீழாக ஓடுகின்றனவா, தரைவாக்கில் ஓடுகின்றனவா? துணியா, மரமா, பிரம்பா, கயிற்றுப் பாயா? எந்த நேரத்தில் பிறாண்டுகிறது? தூங்கி எழுந்ததுமா, நீங்கள் வேலை முடிந்து கதவைத் திறந்ததுமா? இந்த நாலு பதிலும்தான் நீங்கள் வாங்கவேண்டிய தூணின் விவரக்குறிப்பு.

ஏன் பிறாண்டுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். நகத்தின் மேல் ஓடு தேய்ந்து கழன்று விழவேண்டும். தூணடியில் பிறை வடிவத்தில், காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய ஓடுகள் கிடந்தால் பயப்பட வேண்டாம், அவைதான் இவை. தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் முழுதாக நீட்டி முறுக்கெடுக்க வேண்டும். அப்புறம், பாதத்தின் விரலிடுக்குச் சுரப்பிகளிலிருந்து தன் வாசனையைப் பதித்து, கண்ணுக்குத் தெரியும்படி ஒரு தடமும் விட்டு, ‘இது என் இடம்’ என்று அறிவிக்க வேண்டும். மூன்றாவது காரணத்தால்தான் அது வீட்டின் மூலையை விட்டுவிட்டு நடுஹாலில் உள்ள சோபாவைத் தேர்ந்தெடுக்கிறது.

அறிகுறி: முகர்ந்து பார்த்தது, அதோடு சரி

பெரும்பாலும் வாசனைதான் காரணம். மலிவான நார்க்கயிறு சிலவற்றில், திரிக்கும்போது இழைகள் வழுக்கிக்கொண்டு போவதற்காகச் சேர்த்த எண்ணெய் வாடை அப்படியே இருக்கும். கயிற்றை மூக்கருகே வைத்துப் பார்த்தால் லேசாக மண்ணெண்ணெய் நெடி அடிக்கும். நமக்கே தெரிகிறது என்றால் பூனைக்கு அது தாங்காது. பசை வாடையும் அப்படித்தான். தூணைப் பிரித்ததும் இரண்டு மூன்று நாள் பால்கனி நிழலில் காற்றாட வையுங்கள். அப்புறம் பூனை படுத்துறங்கும் பழைய துண்டை எடுத்துத் தூணில் மேலும் கீழும் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் நெடி ஒரு வாரத்துக்குப் பிறகும் போகவில்லை என்றால் கயிற்றை மாற்றுவதுதான் வழி.

பூனைகளைக் கிறங்கவைக்கும் கேட்னிப் என்ற செடியின் பொடியைத் தூவலாம். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பூனை அதைச் சட்டை செய்யாது, மிகச் சிறிய குட்டிகளும் கண்டுகொள்ளாது. நம் ஊரில் வேலியோரம் தானாக முளைக்கும் குப்பைமேனியின் வேருக்கும் பூனைகளைக் கிறங்கவைக்கும் குணம் உண்டு. வேரைத் தூணில் தேய்த்துவிட்டு எடுத்துவிடுங்கள், மென்று தின்ன விடாதீர்கள். அந்தச் செடியில் நச்சுப்பொருளும் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் கேட்னிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: பூனையின் முன்னங்கால்களைப் பிடித்துத் தூணில் தேய்த்து ‘இப்படிச் செய்’ என்று பாடம் எடுப்பது. கையைப் பிடித்து இழுப்பது எந்தப் பூனைக்கும் பிடிக்காது, தூண் என்றாலே அந்த எரிச்சல்தான் அதற்கு நினைவு வரும். ஒரு குச்சியில் கயிறோ இறகோ கட்டித் தூணின் மேல் இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். பிடிக்கப் பாயும்போது நகம் தானாகவே நாரில் பதியும்.

அறிகுறி: ஒருமுறை பிறாண்டியது, அப்புறம் பக்கத்திலேயே வரவில்லை

தூண் ஆடியிருக்கிறது. நீங்கள் பார்க்காத நேரத்தில் கவிழ்ந்தேகூட இருக்கலாம். நாலு கிலோ எடையுள்ள பூனை முழு உடம்பையும் தொங்கவிட்டு இழுக்கும்போது தூண் சாய்ந்தால், அதன் கணக்கில் அந்தப் பொருள் முடிந்துபோன கதை.

சோதனை எளிது. தூணின் உச்சியில் கைவைத்து உங்கள் பக்கமாக ஓர் இழுப்பு இழுங்கள். அடித்தட்டின் மறுபக்கம் தரையை விட்டு எழும்பினால் தேறாது. நம் வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு: வழவழப்பான டைல்ஸ். கம்பளம் விரித்த வீடுகளை நினைத்துச் செய்த தூண், டைல்ஸ் தரையில் கவிழாமலே சறுக்கிக்கொண்டு ஓடும்.

சறுக்கலுக்குத் தீர்வு, அடித்தட்டின் கீழே சின்க்குக்குள் போடுகிற மாதிரியான ரப்பர் பாயை அளவாக வெட்டி ஒட்டுவது. ஆட்டத்துக்கு எடைதான் மருந்து. இதில் எனக்கு மிகவும் பிடித்த வழி கடப்பா கல். பதினாறு அங்குலச் சதுரம், ஓர் அங்குலக் கனம் என்றால் பத்து கிலோவைத் தாண்டிவிடும். கல் கடையிலேயே ஓரத்தை மழுக்கி, துளையும் போட்டுத் தருவார்கள். கறுப்புக் கல்லின் மேல் தேன்நிற நார்த்தூண் நின்றால், கடையில் வாங்கிய எதையும்விட ஹாலுக்கு எடுப்பாக இருக்கும். தூண் 80 சென்டிமீட்டர் உயரம் என்றால் அடித்தட்டு ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 40 சென்டிமீட்டர் இருக்கட்டும்.

உள்ளே பைப் குழலாக இருந்தால் மணல் போட்டும் எடை ஏற்றலாம். அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். மேல்வரை நிரப்பினால் பாரம் மேலே ஏறும், சாயும்போது ஆபத்தும் கூடும்.

சரி, எடை கூட்டியாகிவிட்டது, பூனை இன்னும் நம்பவில்லை என்றால்? தூணை வேறு இடத்துக்கு மாற்றி வையுங்கள். இடம் மாறினால் புதுப் பொருளாக எடுத்துக்கொண்டு திரும்ப முகர்ந்து பார்க்கும். அந்த இரண்டாவது வாய்ப்பில் ஆடாமல் இருந்தால் போதும்.

அறிகுறி: ஆடவில்லை, வாசனையும் இல்லை, ஆனாலும் சோபாதான்

இரண்டு காரணம் இருக்கலாம்: உயரம், இடம்.

உயரத்தைத்தான் ஏற்கெனவே அளந்துவிட்டீர்கள். சோபாவில் கடைசிக் கீறல் 70 சென்டிமீட்டரில் இருக்க, நீங்கள் வாங்கிய தூண் 45 சென்டிமீட்டர் என்றால் வேறு விசாரணையே தேவையில்லை. வளர்ந்த பூனைக்கு 80 முதல் 90 சென்டிமீட்டர் வேண்டும். நம் நாட்டுப் பூனைகள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் நீட்டினால் ஆச்சரியப்படுகிற அளவுக்கு நீளும். பாரசீகப் பூனைகள் கால் குட்டையானவை என்றாலும் உடல் பாரம் அதிகம், அவற்றுக்கு உயரத்தைவிட அடித்தட்டைக் கவனியுங்கள்.

குட்டிக்கு வாங்குகிறவர்கள் ‘இப்போதைக்குச் சின்னது போதும்’ என்று வாங்குவார்கள். ஆறேழு மாதத்தில் அது குட்டையாகிவிடும், குட்டி அதற்குள் சோபாவைக் கண்டுபிடித்திருக்கும்.

இடத்துக்கு விதி ஒன்றுதான்: பூனை எதைப் பிறாண்டுகிறதோ அதற்கு ஒட்டி, அதை மறைக்கிற மாதிரி வையுங்கள். ஹாலின் அமைப்பு கெடுகிறதே என்று தோன்றும். கெடட்டும், சில வாரம்தான். தூணைத் தினமும் தேடிப்போய்ப் பிறாண்டும் பழக்கம் வந்த பிறகு, நாளுக்கு ஒரு சாண் என்று நகர்த்தி உங்களுக்குப் பிடித்த இடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பூனை நடமாடாத மூலைக்கோ, துணி துவைக்கும் எந்திரத்தின் பக்கத்துக்கோ கொண்டுபோனால் பழைய கதைதான். அது தூங்கும் இடத்துக்கு அருகிலும் ஒன்று இருந்தால் நல்லது. எழுந்ததும் முதல் வேலை அதுதானே.

இதற்கிடையே சோபாவின் அந்த இடத்தில் இருபுறமும் ஒட்டும் டேப்பையோ, கெட்டியான பிளாஸ்டிக் தாளையோ ஒட்டிவையுங்கள். பாதத்தில் ஒட்டுவது பூனைக்குப் பிடிக்காது. சோபாவிலிருந்து பூனையை விரட்டும் மருந்தென்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சிலவற்றை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்: கற்பூரம், அந்துருண்டை, யூகலிப்டஸ் தைலம். மனிதருக்கு மருந்தாக இருக்கும் வாசனை எண்ணெய்கள் பலவற்றை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கினாலே உடம்புக்கு வந்துவிடும். தண்ணீர் பீய்ச்சுவதும் அதட்டுவதும் வீண். நீங்கள் இல்லாத நேரத்தில் பிறாண்டக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

‘நகத்தையே எடுத்துவிட்டால் என்ன’ என்று கேட்பவர்களும் உண்டு. அந்த அறுவையில் நகத்தோடு விரலின் கடைசி எலும்பையும் வெட்டி எடுக்கிறார்கள். நியூயார்க் மாநிலம் 2019-இல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நக நுனியை மட்டும், உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடாமல், கத்தரித்தாலே சோபாவின் சேதம் நன்றாகக் குறையும்.

புது சோபா வாங்கும் யோசனையில் இருந்தால் ஒரு வார்த்தை: இழை எடுப்பாகத் தெரியும் முரட்டு நெசவுத் துணியில் நகம் நன்றாக மாட்டும், பூனைக்கு அது விருந்து. இழை தெரியாத நெருக்கமான வெல்வெட் ரகங்களில் பிடிப்பு கிடைக்காது என்பதால் ஆர்வம் குறையும்.

அறிகுறி: மேலே ஏறி உட்காருகிறது, தூங்குகிறது, பிறாண்டுவது மட்டும் இல்லை

அழகுக்காக வாங்கிய தூண்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கள்ளிச்செடி வடிவம், காளான் வடிவம், உச்சியில் பஞ்சுப் பந்து, பாதி உயரத்தில் ஒரு தட்டு. இவற்றைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: தடையில்லாமல் ஒரே நீளமாகக் கயிறு சுற்றிய பகுதி எவ்வளவு? தட்டு வைத்த ‘மரங்கள்’ இரண்டு ஆள் உயரம் இருந்தாலும், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள கால் வெறும் 30 சென்டிமீட்டர்தான் இருக்கும். பூனை அங்கே நின்று கையை நீட்டினால் தலை இடிக்கும். அதற்கு அது கட்டில், அவ்வளவே. கள்ளிச்செடித் தூணின் பக்கக் கிளைகளும் அப்படித்தான். நீட்டுவதற்கு வருகிற பூனையின் முகத்துக்கு நேரே அவை நிற்கும்.

வெள்ளைப் பஞ்சுரோமம் போர்த்திய தூண்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது. நகம் பிடிக்க எதுவும் இல்லை, முடி சேரும், ஒரு மழைக்காலம் போனால் நிறமும் மங்கும். பருத்திக் கயிற்றில் பின்னிய அலங்காரத் தூண்களும் படத்துக்கு மட்டும்தான்.

பொருளை இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள். சைசல் என்பது ஒருவகைக் கற்றாழையின் நார்: கெட்டி, சொரசொரப்பு, கிழிக்கும்போது சத்தமும் வரும். பெரும்பாலான வளர்ந்த பூனைகள் இதற்குத்தான் ஓட்டுப் போடும். சணல் மென்மையானது, சீக்கிரம் தேயும், ஆனால் மோசமில்லை. தேங்காய்நார்க் கயிறு நம் ஊரில் எங்கும் கிடைக்கும், விலையும் மலிவு. பிசிறு அதிகம் கொட்டும், தினமும் பெருக்க வேண்டும். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். வழுக்கும், நகம் மாட்டினால் விடாது. பிய்ந்த இழையைப் பூனை விழுங்கினால் குடலில் சிக்கி அறுவை வரைக்கும் போகலாம்.

அப்படியானால் அழகுக்கு வழி? சாயம் போடாத சைசலின் நிறம் தேக்கு, பிரம்பு, ஆற்றுமணல் நிறச் சுவர் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். மேலே ஆசாரியிடம் கடைந்து வாங்கிய ஒரு தட்டையான தேக்கு மூடி, கீழே கல் அல்லது பாலிஷ் போட்ட பிளைவுட். கதவு நிலையின் நிறத்திலேயே மூடியும் இருந்தால் அது வீட்டோடு பிறந்த சாமான் மாதிரி தெரியும். கறுப்பு, நீலம் என்று சாயக்கயிறு வாங்கினால் ஈரத்தில் சாயம் விடும், பாதத்தில் ஒட்டி வாய்க்கும் போகும். மெல்லிய தூண் நாகரிகமாகத் தெரியும், ஆனால் இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க 10 சென்டிமீட்டர் விட்டமாவது வேண்டும்.

அறிகுறி: கால்மிதியையும் பாயையும்தான் பிறாண்டுகிறது

உங்கள் பூனை தரைவாக்குக்காரர். அதற்கு எவ்வளவு நல்ல தூணும் பிரயோசனமில்லை. நெளி அட்டையை அடுக்கி ஒட்டிய படுக்கை வடிவப் பலகை வாங்குங்கள், அல்லது கடைத்தெருவில் கிடைக்கும் தடித்த தேங்காய்நார்க் கால்மிதியை ஒரு மரச்சட்டத்தில் ஆணியடித்து வையுங்கள். அட்டை சீக்கிரம் குப்பையாகும். திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் பயன்படுத்தலாம். சரிவாகச் சாய்த்து வைத்தால்தான் சில பூனைகளுக்குப் பிடிக்கும், இரண்டு விதமாகவும் வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: கதவு நிலை, ஜன்னல் சட்டம்

மரம் பிடித்திருக்கிறது என்பது ஒரு பக்கம். பட்டையுள்ள மாங்கட்டை ஒன்றை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கரையானும் எறும்பும் இல்லை என்று பார்த்துக் கல்லின் மேல் நிறுத்தினால், எல்லாத் தூணையும்விட அழகான தூண் அதுதான். வார்னிஷ் அடிக்காதீர்கள்.

வாசலும் ஜன்னலும் எல்லை என்பது இன்னொரு பக்கம். வெளியே மதில்மேல் ஏதாவது கடுவன் பூனை புதிதாக வந்து போகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்து, தூணை அங்கேயே வையுங்கள். வாடகை வீட்டில் சுவரில் துளை போடும் தூண்களைப் பற்றி யோசிப்பவர்கள் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுவது உத்தமம். துளை போடாமல் கதவு நிலையோடு பலகையைக் கட்டிவிடுகிற முறையும் இருக்கிறது, ஆடாமல் இறுக்க முடிந்தால் சரி.

அறிகுறி: இரண்டு பூனை, ஒன்றுதான் பயன்படுத்துகிறது

மற்றதை அது அண்டவிடவில்லை. ஒன்றுக்கொன்று கண்ணில் படாத இடத்தில் இன்னொரு தூண் வையுங்கள். அதே மாதிரி ஜோடியாக வாங்கும் ஆசை இருந்தால் தாராளமாக வாங்கலாம், ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

அறிகுறி: நன்றாகப் பிறாண்டிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது

தூணை நகர்த்தினீர்களா, கழுவினீர்களா, பக்கத்தில் ஊதுபத்தி ஸ்டாண்டு வைத்தீர்களா என்று முதலில் யோசியுங்கள். எதுவும் இல்லை என்றால் பாதத்தைப் பாருங்கள். வயதான பூனைகளுக்கு நகம் தடித்து, ஓடு கழலாமல் வளைந்து வளர்ந்து மெத்தென்ற பாதத்திலேயே குத்திக்கொள்வது உண்டு. விரலை மெல்ல அழுத்தி நகத்தை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும், கட்டைவிரல் மாதிரி உள்பக்கம் இருக்கும் நகத்தையும் மறக்காமல். குதித்து ஏறவும் தயங்கினால் அது மூட்டு வலியாகவும் இருக்கலாம். அப்படியானாலும், வீக்கம், ரத்தம், சீழ் இருந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மனிதருக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.

மூட்டு வலிக்காரப் பூனைக்கு நிற்கும் தூண் சிரமம். தாழ்வான சரிவுப் பலகை அதற்கு ஏற்றது.

அறிகுறி: கயிறு அவிழ்ந்து தொங்குகிறது, தூண் பார்க்கச் சகிக்கவில்லை

பிசிறு கிளம்பி முடி முளைத்த மாதிரி இருப்பது கோளாறே இல்லை, பூனைக்கு அந்த நிலைமைதான் சொர்க்கம். வளையமாகத் தொங்கும் கயிறு மட்டும் ஆபத்து. நகமோ கழுத்தோ மாட்டும். அதை உடனே வெட்டிவிட்டு அந்தப் பகுதியை மறுபடி சுற்றுங்கள்.

சுற்றும் முறை: நாலு அங்குல பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர். அதில் 80 சென்டிமீட்டர் உயரம் சுற்ற 8 மில்லிமீட்டர் கயிறு சுமார் 37 மீட்டர் பிடிக்கும், 40 மீட்டராக வாங்கிவிடுங்கள். 10 மில்லிமீட்டர் கயிறு என்றால் 30 மீட்டரைச் சற்றுத் தாண்டும், 6 மில்லிமீட்டர் என்றால் 50 பக்கம் வரும். பைப்பின் வழவழப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, நுனியில் மட்டும் என்று நிறுத்தாமல் ஒவ்வொரு சுற்றுக்கும் பசை வையுங்கள், அப்போதுதான் நடுவில் அறுந்தாலும் முழுதும் அவிழாது. பெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போதும், முழுதாகக் காய இரண்டு நாள் விடுங்கள். ஸ்டேப்ளர் பின் அடிக்கும் துப்பாக்கி வேண்டாம், தேயத்தேயக் கம்பி வெளியே வந்து பாதத்தைக் கிழிக்கும். கயிற்றை நனைத்துச் சுற்றச் சொல்பவர்கள் உண்டு. நார் ஈரத்தில் உப்பும், காய்ந்ததும் மெலிந்து இடைவெளி விழும். காய்ந்த கயிற்றையே, ஒரு ஆள் தூணைச் சுழற்ற இன்னொரு ஆள் இழுத்துப் பிடித்தபடி, நெருக்கிச் சுற்றுங்கள். ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை ஸ்க்ரூடிரைவரின் முனையால் கீழ்ப்பக்கம் தட்டி நெருக்கிக்கொள்ளுங்கள்.

முழுத் தூணையும் ஒரே நாளில் புதிதாக்கினால் பூனையின் வாசனையும் தடமும் மொத்தமாகப் போய்விடும், மறுநாளே சோபாவுக்குத் திரும்பலாம். அதிகம் தேய்வது மேல்பாதிதான். அதை மட்டும் பிரித்துப் புதுக்கயிறு சுற்றி, கீழே பழையதை விட்டுவிடுங்கள். இரண்டு நிறமாகத் தெரிவது கண்ணை உறுத்தினால் நடுவே ஓர் அங்குல அகலத்துக்குப் பித்தளைப் பட்டை ஒன்று அடித்துவிடலாம், ஓரத்தை நன்றாக மழுக்கிவிட்டு.